எழுந்தால் நூறு

ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் அவளுக்கு ‘செக்கரக்கா’ என்று பெயர். தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, ஒரே ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் வேலை. சொந்தச் சித்தி மகள் தைத்ததாக இருந்தாலும் ஸ்டிக்கர் ஸ்டிக்கர்தான். அந்தச் சித்தி மகள் இரண்டு வருடமாக அவளோடு பேசுவதில்லை. “பேசாட்டி போறா. காலர் கோணலா இருந்துச்சே, நான் என்ன பண்ண?” என்பாள் செக்கரக்கா. கறார் என்றால் அப்படியொரு கறார்.

இப்பேர்ப்பட்டவளுக்கும் ஒரு இடத்தில் மனசு இளகும். அது அவள் தம்பி. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி அவனுடைய இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துக்கொண்டு போய்விட்டது. எட்டு மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். செயற்கைக் கால் அளவெடுக்க வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போன இடத்தில், இவனைப் போலவே காத்திருந்த நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து ஒரு பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து தவறி இவன் மடியில் விழுந்தது. திருப்பி அடித்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் “அக்கா, பசிக்குது” என்றான். எட்டு மாதத்தில் அவனாக வாய் திறந்து பசி என்று சொன்னது அன்றுதான். அவள் சமையலறைக்குள் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு, இரண்டு மடங்கு சமைத்தாள்.

அந்தத் தரைப் பந்தாட்டத்துக்கு உட்கார்ந்து ஆடும் வாலிபால் என்று பெயர். வலை, நிற்கிறவர் நெஞ்சுயரம்கூட இருக்காது. இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர், எல்லோரும் தரையில். கையை ஊன்றித்தான் நகர வேண்டும், அதே கையால்தான் அடிக்கவும் வேண்டும். தலையாய சட்டம் ஒன்று உண்டு: பந்தைத் தொடும்போது பின்பக்கம் தரையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் விசில், பாயிண்ட் எதிராளிக்கு. தம்பி இப்போது ஓர் அணிக்கே கேப்டன். மற்ற நேரத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறான், ஆனால் நினைப்பெல்லாம் பந்தில்தான்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெரிய போட்டி நடக்கும். அதில் ஆடினால்தான் தேர்வாளர்கள் கண்ணில் படவே முடியும். போன முறை வேன் வாடகைக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் வழியில்லாமல் போகவில்லை. இந்த முறை திங்கட்கிழமை காலைக்குள் பணம் கட்டியாக வேண்டும். “இதுவும் போச்சுன்னா விட்டுடறேன்கா. எத்தனை தடவைதான் ஆசைப்படறது?” என்று தம்பி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான். அந்தச் சாதாரணம்தான் அவளை அன்றிரவு தூங்க விடவில்லை.

முதலில் நோட்டீஸ் அடித்து, டப்பாவைக் குலுக்கிக் கடை கடையாக ஏறினார்கள். டப்பாவைக் குலுக்கியவன் அணியின் மாற்று ஆட்டக்காரன். தொழில் முடிவெட்டுவது. இடது கால் பிறவியிலேயே சூம்பியவன், வாய் மட்டும் இரண்டு பேருக்குப் போதும். அன்றிலிருந்து அவனுக்கு ‘உண்டியல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று நாள் அலைந்ததில் கிடைத்ததெல்லாம் “ஐயோ பாவம்” மட்டுமே. பாவத்துக்குக் காசு உண்டென்றால் அவர்கள் விமானத்திலேயே போயிருக்கலாம்.

யோசனை செக்கரக்காவுக்கு வந்த விதம்தான் வேடிக்கை. ஒருநாள் பயிற்சியில் ஓர் ஆள் குறைந்தது என்று அவளையும் உட்கார வைத்தார்கள். அரைமணி நேரத்தில் பதினோரு தடவை “அக்கா, எழுந்துட்டே!” என்று கத்தினான் தம்பி.

“நான் எங்கடா எழுந்தேன்? வச்ச இடத்துலதானே இருக்கேன்!”

“நீ இருக்கே, உன் பின்பக்கம் இல்லையே!”

எல்லோரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் மூளை வேறு கணக்குப் போட்டது. “இதோ பாருங்க, சும்மா கேட்டா பாவம்பாங்க. பந்தயம்னா வீம்புக்காவது வருவாங்க. நம்மகூட ஆடட்டும், நுழைவுக்கு ஒண்ணும் வேணாம். ஆனா எழுந்தா நூறு.”

அட, வந்தார்களே! பஸ் டிரைவர்கள் வந்தார்கள்: “காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் உட்கார்ந்தே ஓட்டறோம், எங்களுக்கேவா?” என்று. முதல் பந்துக்கே ஆறு பேரும் எழுந்தார்கள். பல் டாக்டர்கள் வந்தார்கள், வங்கிக்காரர்கள் வந்தார்கள். எழாமல் இருப்பதில் என்ன கஷ்டம் என்று எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் எழுந்தார்கள். செக்கரக்காதான் நடுவர். வலைக் கம்பத்தின் அடியில் பாய் விரித்து, ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்துக்கொள்வாள். அங்கிருந்து பார்த்தால் ஆளுக்கும் தரைக்கும் நடுவே நூல் அளவு வெளிச்சம் விழுந்தாலும் தெரியும். தெரிந்தால் விசில்.

இரண்டு சனிக்கிழமைகளில் மூன்றில் இரண்டு பங்கு தேறிவிட்டது. மிச்சம் ஒரு பங்கு. மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமை. அதற்கு வந்ததோ ஒரே ஓர் அணி.

அது சோபாக்காரருடைய அணி. கடைத்தெருவிலேயே பெரிய சோபாக் கடை அவருடையது. ஆளும் ஒரு மூன்று பேர் சோபா அளவுக்கு இருப்பார். வருடா வருடம் ஒரு சக்கர நாற்காலி கொடுத்து, கேப்டன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் சீண்டல் பிடிக்கும்.

பள்ளிக்கூட உள்ளரங்கத்தில் நூறு பேர் கூடியிருக்க, தன் கடை ஆட்கள் ஐந்து பேரோடு வந்து நின்றார். “ஏம்மா செக்கரு, எனக்கு இந்த நூறு இருநூறெல்லாம் வேணாம். ஒரே செட்டு. அதுல நான் ஒரு தடவை எழுந்தேன்னா உங்க மிச்சச் செலவு மொத்தமும் என்னது. எழலைன்னா சல்லிக்காசு கிடையாது. சம்மதமா?”

“முதலாளி, ஆழம் தெரியாம காலை விடாதீங்க” என்றான் தம்பி சிரித்துக்கொண்டே. “என்னை மாதிரி ஆளே யோசிச்சுதான் விடுவேன். எனக்கு இருக்கறதே ஒண்ணு.”

“தம்பி, நான் உட்காரறதுக்குன்னே கடை வச்சிருக்கறவன்” என்றார் அவர். கூட்டம் கைதட்டியது.

செக்கரக்கா மிச்சக் கணக்கை மனசுக்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். தலையாட்டினாள். வேறு வழி?

ஆட்டம் ஆரம்பித்த ஐந்து நிமிடத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. மனுஷன் எழவில்லை. எழவில்லை என்றால் அசையவே இல்லை. ஆட்டுக்கல்லை நடுக்கூடத்தில் இறக்கி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பந்து இடது பக்கம் போனால் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் போனால் வலது பக்கம் பார்த்தார். அவருடைய ஆட்களும் அப்படியே. “எவனாவது எழுந்தீங்க, சம்பளத்துல பிடிச்சுடுவேன்” என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார். ஆறு பேரும் ஆணி அடித்த மாதிரி இருந்தால் பாயிண்ட் எங்கே வரும்? கிடுகிடுவென இருபத்துநாலுக்கு ஆறு.

இருபத்தைந்து எடுத்தால் செட் முடிந்தது. தம்பி பந்தைக் கையில் எடுத்தான், அடிக்கப் போனான், அப்படியே கையை நிறுத்திக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. செட் முடிந்தால் பந்தயமும் முடிந்தது, வேனும் போனது. ஜெயித்தால் தோற்றுவிடுவார்கள்!

இடைவேளை கேட்டு, தலையோடு தலை முட்டிக் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது. பந்தைச் சோபாக்காரர் தலைக்கு மேலே உயர உயரத் தூக்கிப் போட ஆரம்பித்தார்கள். ஆசைப்பட்டு எழுந்து அடிப்பார் என்று எண்ணம். ஆசை யாரை விட்டது?

முதல் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே விட்டார், நல்லவேளை அது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இரண்டாவது பந்து மெதுவாக வந்து அவருடைய உள்ளங்கையிலேயே விழுந்தது. சும்மா ஒரு தட்டு தட்டினார். பந்து இந்தப் பக்கம் வந்து காலி இடத்தில் விழுந்து உருண்டது. ஒரு விநாடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. “பாயிண்ட்!” என்று கடை ஆள் ஒருவன் அலறினான். சோபாக்காரர் தன் கையைப் புதுசாகப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவ்வளவுதான். வினையை விலைக்கு வாங்கிய கதையாகிவிட்டது. முறம் அளவுக் கை, தூண் மாதிரி முதுகு, ஆட்டினாலும் ஆடாத அடிப்பாகம். இந்த ஆட்டத்துக்கென்றே செய்துவைத்த உடம்பு! இவர்கள் பூப்போல ஊட்ட ஊட்ட, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வெளுத்து வாங்கினார். இருபத்துநாலுக்குப் பத்து. பதினாலு. பத்தொன்பது.

உண்டியல் தவழ்ந்து தவழ்ந்து பாயின் பக்கத்தில் வந்தான். “அக்கா, ஒரே ஒரு தடவை ஊதிடுங்க. அவருக்கே தெரியாது எழுந்தாரா இல்லையான்னு. யாரு பார்க்கப் போறா?”

“போடா அந்தப் பக்கம்” என்றாள் செக்கரக்கா, கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமலே.

“நல்ல காரியத்துக்குத்தானேக்கா!”

“நல்ல காரியத்துக்கு நல்ல சட்டைதான் போகணும். போ.”

சொல்லிவிட்டாளே ஒழிய, விசிலைப் பற்களால் இறுக்கிக் கடித்துக்கொண்டாள். ஒரு ஊது. அரை விநாடி. தம்பி போட்டிக்குப் போய்விடுவான். அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அவள் ஒன்றும் கல் இல்லையே.

இருபத்துநாலுக்கு இருபத்துநாலு ஆனபோதுதான் தம்பிக்கு ரோஷம் வந்தது. “போதும்டா, ஒழுங்கா ஆடுங்க!” என்று கத்தினான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஊட்டி ஊட்டிப் பழகிய கைகள் சட்டென்று திரும்புமா? அடுத்ததும் சோபாக்காரருக்கே. இருபத்தைந்துக்கு இருபத்துநாலு. இரண்டு பாயிண்ட் முந்தினால்தான் வெற்றி என்பதால் இன்னும் ஒன்று பாக்கி.

கடைசிப் பந்து வலைக்கு நேர் மேலே போய் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் தம்பி கையை வீசினான். அந்தப் பக்கம் சோபாக்காரர் கையை வீசினார். எழுந்தார்! பந்தயம், வேன், சல்லிக்காசு எல்லாம் மறந்து, அந்த மலை தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது. கூட்டம் “ஓ” என்றது.

ஆனால் அவருக்கு முன்னால் தம்பி எழுந்திருந்தான்.

கண் இமைக்கும் நேரம்தான் வித்தியாசம். செக்கரக்கா இமைக்கவில்லை. தம்பிக்கும் தரைக்கும் நடுவே விரலளவு வெளிச்சம் விழுந்தது, பிறகுதான் அந்தப் பக்கம். முதலில் எழுந்தவனோடு ஆட்டம் நின்றுவிடும், அதற்குப் பிறகு எவர் எழுந்தாலும் கணக்கில்லை. சட்டம் அது. தரையோடு படுத்திருந்தது அவள் ஒருத்திதான். அவள் சொல்வதுதான் தீர்ப்பு. அவள் ஊதினாள். எழுந்து உட்கார்ந்து, தம்பி பக்கம் கையை நீட்டினாள்.

சோபாக்காரர் “ஜெயிச்சுட்டோம்டோய்!” என்று ஊளையிட்டார். கடை ஆட்கள் ஓடி வந்து அவரைத் தோளில் தூக்கப் பார்த்து, ஒரு கணம் யோசித்து, கையைக் குலுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

தம்பி தரையில் கையை ஊன்றி ஊன்றி அவள் முன்னால் வந்தான். கண் சிவந்திருந்தது. “உனக்கு நான் தம்பியா, அவர் தம்பியா?”

“நீதான்டா. அதான் நீ எழுந்தது முதல்ல தெரிஞ்சுது.”

“நாங்க போகவே வேணாமா? உனக்கு உன் விசில்தான் பெருசா?”

“இருபத்துநாலு ஆறுல முடிச்சிருக்கலாம். ஊட்டி விளையாடச் சொன்னது யாரு? நானா?” என்று அவளும் கத்தினாள். “அங்க போனா அங்கயும் ஒருத்தன் விசிலோட இருப்பான்டா. அவன் உனக்கு அக்கா இல்ல!”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்குத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று தோன்றியது, செய்தது சரி என்றும் தோன்றியது. சரியாகச் செய்தும் இப்படி வலிக்குமா என்று கோபம் கோபமாக வந்தது.

அதற்குள் சோபாக்காரர் நகர்ந்து நகர்ந்து வலையருகே வந்துவிட்டார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயெல்லாம் பல். “ஏய், இன்னொரு செட்டு!”

“நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே. வீட்டுக்குப் போங்க” என்றான் தம்பி.

“ஒண்ணு ஜெயிச்சா ஏதோ அதிர்ஷ்டம்பாங்க. என் எதிர்க்கடை கட்டில்காரன் அங்க நின்னு சிரிக்கறான் பாரு. ஜெயிக்கறேன், இன்னொண்ணும் ஜெயிக்கறேன். வா!”

செக்கரக்காவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு குரலைச் சரிசெய்தாள். “முதலாளி, இந்த செட்டுக்குப் பந்தயமெல்லாம் கிடையாது. வழக்கமான சட்டம்தான். எழுந்தா நூறு. உங்க ஆளுங்க எழுந்தாலும் நூறு.”

“இருநூறே வச்சுக்க! போடும்மா பந்தை!” என்றவர், தன் ஆட்கள் பக்கம் திரும்பி, “டேய், இனிமே சம்பளத்துல பிடிக்க மாட்டேன். எல்லாரும் நல்லா எழுந்து விளையாடுங்கடா!” என்றார்.

சிரிப்பில் கூரை பறந்தது. சுவரில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாம் சரிந்து உட்கார்ந்தார்கள். தம்பிகூட உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! முதல் செட்டில் அவர் எழாததற்குக் காரணம், கைக்கு வந்த பந்தைத் தவிர எதையும் அவர் ஆடவே இல்லை என்பதுதான். இப்போது ஆடினார். ஆடுகிறவனால் எழாமல் இருக்க முடியுமா? பந்து போடும்போதே எழுந்தார். விசில். பந்து பக்கத்து ஆளுக்குப் போனால்கூட இவர் பாய்ந்து அடித்தார். விசில். கடை ஆட்கள் வாணலியில் போட்ட கடுகாகத் துள்ளினார்கள். விசில், விசில், விசில். உண்டியல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தவழ்ந்தே களைத்துப் போனான். அந்த செட்டில் தோற்றார், “இன்னொண்ணு!” என்றார். அதிலும் தோற்றார், “இன்னொண்ணு!” என்றார். மனைவி போனில் கூப்பிட்டதற்கு, “பிசினஸ் மீட்டிங்ல இருக்கேன்” என்று சொல்லி வைத்தார்.

தம்பியும் இப்போது ஊட்டவில்லை. ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து அடித்தான். அவனுக்கும் அதற்குள் இரண்டு விசில் விழுந்தது. ஒரு தடவையும் அவன் அக்கா பக்கம் திரும்பி முறைக்கவில்லை.

நாலாவது செட். பத்தொன்பதுக்குப் பதினெட்டு. சோபாக்காரர் ஓங்கி அடித்த பந்து தம்பியின் தலைக்கு மேலே பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. “அவுட்!” என்றான் தம்பி.

“எது அவுட்டு? உன் விரல்ல பட்டுதுடா! பட்டா பாயிண்ட் எனக்கு!”

“படலை.”

“பட்டுதுடா! நான் பார்த்தேன்! டேய், அழுகுணி ஆட்டம் ஆடறியா?”

“யோவ், யாருய்யா அழுகுணி? தோத்துத் தோத்து உனக்குக் கண்ணு கட்டிப் போச்சு!”

“யாரைடா சொல்றே? பொய்யா! புளுகா!”

“நீதான்யா புளுகன்! சோபாவுக்கு பஞ்சுன்னு சொல்லி நார் அடைக்கறவன்தானே நீ!”

கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ “ஐயோ, பாவம், அந்தப் பையனைப் போய்…” என்று ஆரம்பித்தார்கள். செக்கரக்கா பாயில் படுத்தபடியே அவர்களைப் பார்த்தாள். ஆறு வருடமாக வெளியாள் யாரும் அவள் தம்பியை ‘டேய்’ என்றதில்லை. பேச வருகிறவர்கள் எல்லாம் இடுப்பை வளைத்துக் குனிந்து, ஜுரத்தில் கிடக்கும் குழந்தையிடம் பேசுகிற குரலில்தான் பேசுவார்கள். அவன் என்ன சொன்னாலும் ஆமாம் என்பார்கள். இந்த மனுஷனே போன வருடம் வரைக்கும் அப்படித்தான். இப்போது இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு மூக்கு, அந்தப் பக்கம் ஒரு மூக்கு. யாரும் யாருக்காகவும் குனியவில்லை. தம்பியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முகம் அப்படி ஜொலித்தது.

“ஆயிடுச்சு!” என்று மூலையிலிருந்து உண்டியல் அலறினான். “வேன் காசு, கட்டணம் எல்லாமே ஆயிடுச்சு! கேப்டன், நாம போறோம்!”

“சும்மா இருடா, இங்க பாயிண்ட் போயிட்டிருக்கு!” என்று திரும்பாமலே கத்தினான் தம்பி.

“ஏம்மா, நீயாவது சொல்லு! பட்டுதா, படலையா?” என்று சோபாக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

பட்டிருந்தது. சுண்டுவிரல் நுனியில். அவள் பார்த்தாள். ஊதிச் சொல்ல வேண்டியது நடுவரின் கடமை.

செக்கரக்கா விசிலை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்து பாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இருங்க, யோசிக்கறேன்” என்றாள். “அதுவரைக்கும் நீங்க சண்டை போடுங்க.”